ஒரு சின்ன தாளத் துணுக்கு முழுப் பாட்டாக வளர்ந்தது எப்படி? திருவண்ணாமலை அருணகிரிநாதரின் கதை

பௌர்ணமி கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் பாதையில் எங்காவது ஓர் இடத்தில் ஒலிபெருக்கியில் 'முத்தைத்தரு' என்று தொடங்கும் திருப்புகழ் கேட்கும். அர்த்தம் முழுசா புரியாதவர்கள்கூட அந்த வேகத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே நடப்பார்கள். கூடச் சேர்ந்து பாட முயற்சி செய்தவர்களுக்கு நாலாவது வரியிலேயே நாக்கு சிக்கிக்கொள்ளும்.

இந்தப் பாட்டுக்கு அருணகிரிநாதர் போட்ட மெட்டு எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது காலத்தோடு போய்விட்டது. நாம் கேட்கும் மெட்டுகள் எல்லாம் பிற்காலத்து இசைவாணர்கள் அமைத்தவை. ஆனாலும் யார் பாடினாலும் அந்தத் துள்ளல் மட்டும் மாறுவதில்லை. மெட்டு தொலைந்தும் இசை எப்படித் தப்பித்தது? அதற்கான பதில் அவர் பாட்டுக் கட்டிய முறையில் இருக்கிறது. அந்த மனிதரின் வாழ்க்கையையும் அந்த முறையையும் சேர்த்தே பார்ப்போம்.

யார் இந்த அருணகிரிநாதர்?

15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த முருக பக்தர், புலவர். திருப்புகழ் தவிர கந்தர் அலங்காரம், கந்தர் அனுபூதி, கந்தர் அந்தாதி, திருவகுப்பு, வேல் விருத்தம், மயில் விருத்தம், சேவல் விருத்தம், திருவெழுகூற்றிருக்கை ஆகியவையும் அவருடைய நூல்கள்.

அவருடைய காலத்தைக் கணிக்க ஒரு நல்ல தடயம் அவர் பாட்டிலேயே இருக்கிறது. பிரபுட தேவ மகாராஜா என்று ஓர் அரசரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவர் விஜயநகரப் பேரரசின் இரண்டாம் தேவராயர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. பிரௌட தேவராயர் என்பது அவருடைய இன்னொரு பெயர். அவர் 1446இல் மறைந்தவர். ஆக, அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இருந்தவர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதைத் தாண்டி அவருடைய பிறந்த ஊர், பெற்றோர், இளமை பற்றி நாம் கேட்பவை எல்லாம் மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதைகள். கல்வெட்டோ ஆவணமோ அவற்றுக்கு இல்லை. அதற்காக அந்தக் கதைகளை ஒதுக்கிவிடவும் முடியாது. ஏன்னா, ஊர் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை அவைதான் சொல்கின்றன.

கோபுரத்திலிருந்து குதித்தாரா?

எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான். இளம் வயதில் மனம் போன போக்கில் வாழ்ந்தார். கையில் இருந்த பணம் எல்லாம் கரைந்தது. உடம்பில் நோய் வந்தது. அவரை வளர்த்த அக்கா எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அக்கா சொன்ன ஒரு சொல் அவரைச் சுட்டது. இனி வாழ்ந்து பயனில்லை என்று கோயில் கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் அவரைத் தாங்கிப் பிடித்தார், வேலால் நாவில் எழுதினார், பாடச் சொன்னார்.

அது எந்தக் கோபுரம்? கிழக்கே நிற்கும் 217 அடி ராஜகோபுரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சாத்தியமில்லை. அந்தக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கப்பட்டது. தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிந்தது. அருணகிரிநாதர் அதற்கு முந்தியவர். அதனால்தான் ஊர் வழக்கில் இந்தக் கதை வல்லாள மகாராஜா கோபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அது 14ஆம் நூற்றாண்டு ஒய்சள அரசர் மூன்றாம் வல்லாளன் பெயரால் வழங்கும் கோபுரம். அதன் பக்கத்தில்தான் கோபுரத்து இளையனார் சன்னதி இருக்கிறது. இளையனார் என்றால் முருகன்.

கதையை அப்படியே நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். அவருடைய பாடல்களில் ஆசையில் விழுந்தவன் படும் பாடும், நோயும், மூப்பும், மரண பயமும் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் அதை அவருடைய சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனா, 'நான் கெட்டவன், என்னைக் காப்பாற்று' என்று ஊருக்காகத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று பாடுவது பக்திப் பாடல்களில் பழைய மரபு. அதனால் பாட்டை மட்டும் வைத்து வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட முடியாது.

முதல் துணுக்கு கொடுத்தது யார்?

நம்முடைய கேள்விக்கு வேண்டிய பகுதி இங்கேதான் வருகிறது. முருகன் பாடச் சொன்னதும் அருணகிரிக்கு என்ன பாடுவது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையாம். உடனே முருகனே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாராம். மீதியை இவர் பாடினாராம். அதுதான் 'முத்தைத்தரு'. திருப்புகழின் முதல் பாட்டு என்று மரபு சொல்வது அதைத்தான்.

பக்திக் கண்ணோடு பார்த்தால் இது அருள். பாட்டுக் கட்டுபவர்களின் கண்ணோடு பார்த்தால், இசையமைக்கும் வேலையின் சுருக்கம். யாரோ ஒரு துணுக்கு கொடுக்கிறார்கள், அல்லது அது தானாகத் தோன்றுகிறது. அது மூன்று நான்கு நொடிதான் வரும். அதை மூன்று நான்கு நிமிடப் பாட்டாக வளர்ப்பது எப்படி? அப்படியே திரும்பத் திரும்பப் பாடினால் சலிக்கும். ஒவ்வொரு முறையும் புதுசாக எதையாவது போட்டால் பாட்டு உதிரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். துணுக்கில் ஏதோ ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றதை மாற்ற வேண்டும்.

மேற்கே பீத்தோவன் செய்ததும் இதையேதான். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய அவருடைய ஐந்தாம் சிம்பொனி நான்கே நான்கு ஒலிகளில் தொடங்குகிறது: மூன்று குட்டை, ஒரு நீளம். முதல் பகுதி முழுக்க அந்த நாலையே மாற்றி மாற்றி வளர்த்தார். பின்னாளில் டயபெல்லி என்பவர் எழுதிய எளிய நடன மெட்டு ஒன்றை எடுத்து 33 விதமாக மாற்றி எழுதினார். அருணகிரிநாதர் அவருக்கு ஏறத்தாழ 350 ஆண்டு முந்தியவர். அவர் கையில் இருந்தது பியானோ இல்லை, தமிழ் எழுத்து.

சந்தம் என்றால் என்ன?

திருப்புகழ் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தனதன, தத்தன, தானன என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதுதான் அந்தப் பாட்டின் விதை. அதற்குப் பெயர் சந்தம்.

கடினமாகத் தோன்றினாலும் விஷயம் எளிது. வண்ணப் பாடல்களின் இலக்கணத்தில் அடிப்படைச் சந்தங்கள் எட்டு. அவற்றை நமக்குத் தெரிந்த சொற்களாலேயே புரிந்துகொள்ளலாம்:

• தத்த – பட்டு
• தாத்த – பாட்டு
• தந்த – பந்து
• தாந்த – பாம்பு
• தன – மலை
• தான – மாலை
• தன்ன – அம்மி
• தய்ய – பல்லி

இந்த எட்டின் கடைசி எழுத்தையும் நீட்டினால் தத்தா, தாத்தா, தந்தா என்று இன்னும் எட்டு கிடைக்கும். மொத்தம் 16. அவற்றை வெவ்வேறு வரிசையில் கோத்தால் எத்தனையோ வகை பிறக்கும்.

பட்டு, பந்து, அம்மி, பல்லி நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நாலுக்கும் எடுக்கும் நேரம் ஒன்றுதான். ஆனா காதில் விழுவது வேறு வேறு. பட்டு அடிபடுகிறது. பந்து துள்ளுகிறது. அம்மி அமுங்குகிறது. பல்லி வழுக்குகிறது. மிருதங்கத்தில் வலந்தலையில் ஓங்கி அடிப்பதற்கும் தொப்பியில் கும்கி கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. கணக்கு மாறாமல் நிறம் மட்டும் மாறுகிறது. மலை, மாலை என்று சொல்லும்போது நீளமே மாறுகிறது. பாட்டை வளர்க்க ஒருவருக்கு இந்த இரண்டு கருவி போதும்.

சமையல் கட்டில் ஒரு சோதனை

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று நாமே ஒரு சின்னப் பாட்டு கட்டிப் பார்ப்போம். இது திருப்புகழ் இல்லை, விளக்கத்துக்காகச் செய்த விளையாட்டு. துணுக்கு: தந்த தான தனதன.

பொங்கு சோறு கொதிகொதி
வந்து பாரு விறுவிறு
பந்தி போடு மளமள
பசியாற.

முதல் மூன்று வரியும் ஒரே சந்தம். வார்த்தை மாறியது, தாளம் மாறவில்லை. நாலாவதாக வரும் 'பசியாற' மட்டும் வேறு: தனதான. மூன்று முறை ஓடியவன் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது. இதற்குத் தொங்கல் என்று பெயர். மாலையின் கீழே குஞ்சம் தொங்குமே, அது மாதிரி.

இப்போ மூன்றாவது வரியில் பந்தி என்பதை எடுத்துவிட்டுத் தட்டு என்று போடுங்க. தந்த போய் தத்த வந்தது. கணக்கு அப்படியே இருக்கிறது, ஆனா வரி சட்டென்று கடினமாகிறது. ஒரு மெல்லினம் வல்லினமாக மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம். இதைத்தான் அருணகிரிநாதர் நூற்றுக்கணக்கான பாட்டுகளில், மூச்சு விடாமல் செய்திருக்கிறார்.

மூன்று முறை வந்து நாலாவதில் இறங்குவது தாள உலகத்துக்குப் பழக்கமான உத்தி. மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தை முடிக்கும்போது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துச் சமத்தில் வந்து விழுவார். பரதநாட்டியத் தீர்மானத்திலும் அதே மூன்று. காது முதல் தடவை கேட்கிறது, இரண்டாம் தடவை அடையாளம் கண்டுகொள்கிறது, மூன்றாம் தடவை முடிவுக்குக் காத்திருக்கிறது.

'முத்தைத்தரு' உள்ளே என்ன நடக்கிறது?

அந்தப் பாட்டின் சந்தம் இது: தத்தத்தன தத்தத் தனதன. இதே அளவு மூன்று முறை, பிறகு தனதான என்ற தொங்கல். இது ஒரு சுற்று. இப்படி மொத்தம் எட்டுச் சுற்று. ஆக, அந்தத் துணுக்கு பாட்டில் 24 முறை வருகிறது, தொங்கல் 8 முறை வருகிறது.

கணக்கைப் பாருங்க. ஒற்று சேர்ந்த எழுத்துக்கு 2, தனிக் குறிலுக்கு 1 என்று வைத்தால், தத்தத்தன என்பது 6. தத்தத் தனதன என்பது 8. ஆறும் எட்டும் என்றால் மூன்றுக்கு நாலு. அதாவது தகிட தகதிமி. அதுதான் மிஸ்ர சாபு தாளம். இந்தப் பாட்டைப் பெரும்பாலும் ஏன் அந்தத் தாளத்தில் பாடுகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். தாளத்தை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. எழுத்துக்குள்ளேயே அது இருந்தது.

சரி, 24 முறை ஒரே அளவு வந்தும் ஏன் சலிக்கவில்லை? அங்கேதான் கைத்திறன். பாட்டின் முதல் இரண்டு சுற்றில் துணுக்கு பெரும்பாலும் 'மு' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஆனா அதற்கு அடுத்த வல்லின ஒற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் த், பிறகு க், பிறகு ற், பிறகு ப். தாளம் நிற்க, அடிக்கும் ஒலி மட்டும் நகர்கிறது. அடுத்த இரண்டு சுற்றில் முதல் எழுத்தே 'ப' ஆகிறது. அடுத்த இரண்டில் 'தி', கடைசி இரண்டில் 'கொ'. எட்டுச் சுற்று, நான்கு நிறம்.

பொருளும் இதோடு சேர்ந்தே நகர்கிறது. முதல் பாதியில் முருகன் சிவனுக்கு உபதேசம் செய்த கதை, ராமன் கண்ணன் கதைகள், பிறகு என்னைக் காக்கும் நாள் வருமா என்ற ஏக்கம். இரண்டாம் பாதி நேராகப் போர்க்களத்துக்குப் போகிறது. பேய்கள் ஆடுகின்றன, கழுகுகள் வட்டமிடுகின்றன, பறைகள் முழங்குகின்றன. அதுவரை எழுத்துக்குள் ஒளிந்திருந்த தாளம் இங்கே வெளிப்படையாகவே பறைச் சொற்கட்டாகக் கேட்கிறது. அதே 14 எண்ணிக்கைதான். ஏக்கத்தைச் சொன்ன துணுக்கே போரையும் சொல்கிறது. கடைசியில் முருகனைப் பெருமாளே என்று கூப்பிட்டு முடிகிறது. பெரும்பாலான திருப்புகழ் பாடல்களின் முடிவு அந்த ஒரு சொல்தான்.

இது அவர் கண்டுபிடித்ததா?

முழுக்க இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் வண்ணம் 20 என்று பட்டியலே போடுகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தாளம் துள்ளும் பதிகங்களைப் பாடியிருக்கிறார். அருணகிரிநாதருக்குச் சம்பந்தர் மேல் தனி மதிப்பு இருந்தது. அவரை முருகனாகவே பாவித்துப் பாடியிருக்கிறார்.

ஆனா, ஒரு பாட்டுக்கு ஒரு சந்தம் என்று நூற்றுக்கணக்கில் புதுப் புது அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் முழுப் பாட்டாக வளர்த்தவர் என்றால் அவர் பெயர்தான் முதலில் வரும். 19ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்று இதற்கு இலக்கணமே எழுதினார். மேலே சொன்ன எட்டு அடிப்படைச் சந்தம், பதினாறு சந்தம் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இதே மனிதர் மாற்றிக் கட்டும் விளையாட்டை வேறு வழிகளிலும் செய்தார். கந்தர் அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். அதன் 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே ஆனது. வில்லிபுத்தூராரோடு நடந்த வாதில் இந்தப் பாட்டைச் சொல்லித்தான் ஜெயித்தார் என்பது கதை. தோற்ற புலவர்களின் காதை அறுக்கும் வழக்கம் வில்லிபுத்தூராருக்கு இருந்ததாம். இவர் அவர் காதை அறுக்காமல், இனி யார் காதையும் அறுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு விட்டுவிட்டாராம். திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி இறங்கித் தேர் வடிவம் எடுக்கும்.

அரசவையும் கிளியும்

திருவண்ணாமலையில் இன்னும் இரண்டு கதைகள் உண்டு. தேவராயர் அவையில் சம்பந்தாண்டான் என்ற தேவி உபாசகர் இருந்தார். உன் முருகனை அரசர் கண்ணுக்குக் காட்டு பார்ப்போம் என்று அவர் சவால் விட்டார். அருணகிரி பாட, முருகன் தூணிலிருந்து காட்சி கொடுத்தார். அந்த இடம்தான் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பத்து இளையனார் சன்னதி. கம்பம் என்றால் தூண்.

இரண்டாவது கதை: அரசருக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, உடம்பை விட்டுக் கிளி உடலில் புகுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் உடம்பை எரித்துவிட்டிருந்தார்கள். கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார். கிளி கோபுரம் என்ற பெயரோடு இந்தக் கதை இணைந்துவிட்டது.

வாழ்நாளில் அவர் ஊர் ஊராகப் போனார் என்பதற்குக் கதை தேவையில்லை, பாட்டுகளே சாட்சி. ஆறுபடை வீடுகள், வயலூர், சிதம்பரம், காசி, இலங்கையின் கதிர்காமம், திருக்கோணமலை என்று 200க்கும் மேற்பட்ட தலங்களின் பெயர்கள் வருகின்றன. சொந்த ஊரான திருவண்ணாமலைக்கு மட்டும் 70க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன.

பாட்டுகள் தொலைந்தன, எப்படிக் கிடைத்தன?

அவர் 16,000 பாட்டு பாடியதாக மரபு சொல்கிறது. இன்றைக்குக் கையில் இருப்பது சுமார் 1,300. இந்த அளவாவது கிடைத்ததற்கு ஒரு நீதிமன்ற ஊழியரின் பிடிவாதம்தான் காரணம்.

அவர் பெயர் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. ஒரு வழக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பக்கத்துக்கு ஆதாரமாக ஒரு திருப்புகழ் அடியைக் காட்டினார்கள். அதைக் கேட்டவர் அதன் அழகில் மயங்கிப்போனார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடினார். 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். அவருக்குப் பிறகு அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை வேலையைத் தொடர்ந்து, உரையும் எழுதினார்.

பூச்சி அரித்த ஓலை, எழுதியவர் விட்ட பிழை, வாய்வழியாக மாறிய சொல். இவற்றிலிருந்து சரியான பாடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தம்தான் இங்கே அளவுகோல். தனதன வர வேண்டிய இடத்தில் தானன வந்தால் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஒரு எழுத்து விழுந்தாலும் தாளம் காட்டிக்கொடுக்கும். பாட்டை வளர்க்க அவர் பிடித்துவைத்த அந்த மாறாத அளவே, பிற்காலத்தில் பாட்டைப் பாதுகாக்கும் பூட்டாகவும் ஆனது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க திருவண்ணாமலையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலமான இந்த ஊர் மேல் சாரங்கா ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். அவர் 1835இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளின் மெட்டுகள் சீடர்கள் வழியாக வந்தன. சுப்பராம தீட்சிதர் 1904இல் சுரக் குறிப்போடு அச்சிட்டார். அருணகிரிநாதருக்கு அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. ராகம் எழுதி வைக்கப்படவில்லை. எழுத்தில் பூட்டிய தாளம் மட்டும் பிழைத்தது.

மெட்டு இல்லாத பாட்டை யார் பாட வைத்தது?

20ஆம் நூற்றாண்டில் பல பேர் இந்த வேலையைச் செய்தார்கள். லயத்தில் பெரிய மேதையான காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கடினமான தாளங்களில் திருப்புகழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் பஜனையாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார். திருத்தணியில் டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழா அவர் தொடங்கி வைத்தது. நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. டெல்லியில் ஏ.எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு ராகமும் தாளமும் அமைத்துக் கூட்டாகப் பாடக் கற்றுக்கொடுத்தார்.

வழக்கமான ஆதி, ரூபகத்தில் அடங்காத பாட்டுகளும் நிறைய உண்டு. அதற்கு இவர்கள் கண்ட வழி, சந்தத்தையே தாளமாக எண்ணுவது. தகிட என்றால் ஒன்றரை, தகதிமி என்றால் இரண்டு, தகதகிட என்றால் இரண்டரை. பாட்டில் அவை எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் கையில் எண்ண வேண்டியதுதான்.

வள்ளிமலை சுவாமிகள் செய்த இன்னொரு வேலையும் நம் தலைப்புக்கு நேராகப் பொருந்தும். அருணகிரிநாதரின் வேல் வகுப்பில் 16 அடிகள். ஒவ்வோர் அடியும் தனியாக நிற்கும், எங்கே வைத்தாலும் பொருந்தும். அந்த 16 அடிகளையும் முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் நாலு முறை வரும்படி 64 அடிகளாக்கினார். அதுதான் இன்றைக்குப் பல வீடுகளில் ஓதும் வேல் மாறல். ஐந்து நூற்றாண்டு கழித்து வந்த ஒருவர் ஒரு சொல்கூடச் சேர்க்காமல், வரிசையை மட்டும் மாற்றிப் புதிய பாராயணம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்.

அப்புறம் சினிமா. 1964இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனே அருணகிரியாக நடித்து, 'முத்தைத்தரு'வைப் பாடினார். திருப்புகழ் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்றைக்கு வீட்டில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு பாட்டுப் போட முயற்சி செய்யும் பிள்ளைகள் நிறைய. எட்டு விநாடி நன்றாக வருகிறது, அதற்குமேல் நகரவில்லை என்பதுதான் பலருடைய குறை. அருணகிரிநாதர் பாட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கிறது.

1. துணுக்கில் எது மாறக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவருக்கு அது எண்ணிக்கை. உங்களுக்கு அது மூன்று சுரமாகவும் இருக்கலாம்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒற்றை மாற்றும்போது அவர் அளவை மாற்றவில்லை.

3. மூன்று முறை வந்தபின் நிற்க ஓர் இடம் கொடுங்கள். தொங்கல் இல்லாவிட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

4. அதே துணுக்கை வேறொரு உணர்ச்சிக்கும் பேச விடுங்கள். ஏக்கத்தைச் சொன்ன தாளம் போரையும் சொல்லும் என்று அவர் காட்டினார்.

அடுத்த முறை எங்காவது 'முத்தைத்தரு' காதில் விழுந்தால், வார்த்தையைப் பிடிக்க அவசரப்படாதீங்க. முதலில் தகிட தகதிமி என்று விரலால் தொடையில் தட்டிப் பாருங்க. 24 முறையும் பிசகாமல் வந்து சேர்ந்தால், கிட்டத்தட்ட 600 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தமிழ் எழுத்துக்குள் எழுதி வைத்த இசைக் குறிப்பை நீங்களும் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.